ஜின்செங் வேர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரியத் தொடர்களில் ஆபீஸ் போகும் அவசரத்திலும் ஒரு சின்ன பாக்கெட்டைக் கிழித்து, பழுப்பு நிறச் சாற்றை வாயில் பிழிந்துகொள்வார்களே, அது சிவப்பு ஜின்செங். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் பெட்டியாக வாங்கி வருவதும் அதைத்தான். "உடம்புக்கு நல்லது" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எதற்கு நல்லது, யாருக்கு ஆகாது, எவ்வளவு சாப்பிடலாம் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக இந்தப் பக்கம்.

ஜின்செங் என்பது என்ன செடி?

முழங்கால் உயரத்துக்கு வளரும் ஒரு காட்டுச் செடியின் வேர். தாவரவியல் பெயர் பானாக்ஸ் ஜின்செங். கொரியத் தீபகற்பம், வடகிழக்குச் சீனாவின் சாங்பாய் மலைப்பகுதி, ரஷ்யாவின் கிழக்குக் கோடி ஆகிய இடங்களின் குளிர்ந்த காடுகளே இதன் தாய்நிலம். ஒரே காம்பில் விரல்களை விரித்ததுபோல ஐந்து சிற்றிலைகள் இருக்கும். கோடையின் இறுதியில் நடுவே கொத்தாகச் சிவப்புப் பழம் பழுக்கும். வெயில் நேராகப் பட்டால் கருகிவிடும். குளிர்காலம் இல்லாத இடத்தில் விதை முளைப்பதே கஷ்டம். நம் சமவெளிகளில் வளராது.

வேர் மெதுவாகத்தான் பருக்கும். பயிரிடும் இடங்களிலேயே நான்கிலிருந்து ஆறு ஆண்டு காத்திருந்து தோண்டுகிறார்கள்.

பழைய சீன மருத்துவத்தில் இதை எதற்குக் கொடுத்தார்கள்?

சுமார் 2000 ஆண்டுக்கு முந்தைய மரபைத் தொகுத்த 'ஷென்னோங் பென்சாவ் ஜிங்' என்ற மருந்துநூல் 365 மருந்துகளை மூன்று தரமாகப் பிரிக்கிறது. ஜின்செங் அதில் முதல் தரம். ஐந்து உள்ளுறுப்புகளுக்கும் வலுவூட்டும், மனத்தை அமைதிப்படுத்தும், படபடப்பை நிறுத்தும், கண்ணைத் தெளிவாக்கும் என்று அந்நூல் சொல்கிறது.

ஆனால் வைத்தியர்கள் இதைக் கையாண்ட விதத்தைப் பார்த்தால் வேறொரு செய்தி கிடைக்கிறது. அவர்கள் பெரும்பாலும் ஜின்செங்கைத் தனியாகக் கொடுக்கவில்லை. 'நான்கு கனவான்கள்' என்று பெயர்பெற்ற கஷாயத்தில் ஜின்செங்கோடு வேறு இரண்டு மூலிகைகளும் அதிமதுர இனமும் சேரும். பசியில்லாமல், சாப்பிட்டது செரிக்காமல், வயிற்றுப்போக்கால் நலிந்து, பேசவும் தெம்பில்லாத நோயாளிக்கு அதைக் கொடுத்தார்கள். அதிகம் வியர்த்து, நாடி தளர்ந்து, மூச்சு வாங்கியவருக்கு 'ஷெங்மாய்' என்ற இன்னொரு கலவை. ஜின்செங்கை மட்டும் அதிக அளவில் கொதிக்கவைத்துக் கொடுத்தது மிகவும் கடைசிக் கட்டத்தில். பெரும் ரத்தப்போக்குக்குப் பின் உடல் சில்லிட்டு, நாடி நழுவிக்கொண்டிருக்கும் ஆளுக்கு.

ஆக, இது இழந்த தெம்பை மீட்கும் மருந்து. திடகாத்திரமாக இருப்பவர் இன்னும் பலம் வேண்டும் என்று வருடம் முழுவதும் சாப்பிடும் பொருளாக அந்த வைத்தியர்கள் இதைக் கருதவில்லை. காய்ச்சலும் வீக்கமும் உச்சத்தில் இருக்கும்போது தனியாகக் கொடுப்பதைத் தவிர்த்தார்கள். இன்றைய விளம்பரங்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை. எனக்கு அதில்தான் பெரிய வருத்தம். நவீன ஆய்வுகளும், கீழே பார்க்கப்போவதுபோல, அந்தப் பழைய வைத்தியர்களின் பக்கமே சாய்கின்றன.

கொரியாவில் எப்படி?

அங்கே மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே பெரிய சுவர் இல்லை. அரண்மனை வைத்தியர் ஹோ ஜுன் தொகுத்து 1613-ல் அச்சான 'தொங்குயி போகாம்' நூலிலும் ஜின்செங் இருக்கிறது. தெருவோர உணவகத்திலும் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் வெக்கை கடுமையாக இருக்கும் மூன்று குறிப்பிட்ட நாட்களில் கொரியர்கள் வரிசையில் நின்று சாம்கேதாங் சாப்பிடுவார்கள். சின்னக் கோழி ஒன்றின் வயிற்றில் ஒட்டரிசி, பூண்டு, இலந்தை இனப் பழம், ஒரு பச்சை ஜின்செங் வேர் ஆகியவற்றை அடைத்துக் கொதிக்கவிட்ட சூப் அது. வெயிலில் வியர்த்து இளைத்த உடம்புக்குச் சூடான உணவால் தெம்பு ஏற்றவேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

கும்சான், கங்வா, புங்கி ஆகிய ஊர்கள் தென்கொரியாவில் ஜின்செங்குக்குப் பெயர்போனவை. இப்போது வடகொரியாவில் இருக்கும் கேசோங் பழைய காலத்துத் தலைநகர்ச் சந்தை. ஜின்செங் வயலை வெகுதூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம்: வரிசை வரிசையாகச் சாய்ந்த கருப்புப் பந்தல்கள், அவற்றின் நிழலில் செடி. ஒரு முறை அறுவடை செய்த நிலத்தில் வேரழுகல் நோய் தங்கிவிடுவதால் பல ஆண்டுகளுக்கு அங்கே மறுபடி ஜின்செங் போடமுடியாது. விலைக்கு அதுவும் ஒரு காரணம்.

வெள்ளை ஜின்செங், சிவப்பு ஜின்செங் இரண்டும் வேறு வேறு செடியா?

ஒரே செடிதான். தோண்டிய வேரைத் தோல் சீவி வெயிலில் காயவைத்தால் வெள்ளை. தோலோடு ஆவியில் வேகவைத்துக் காயவைத்தால் செம்பழுப்பாக மாறும், அது சிவப்பு. சிவப்புக்குப் பொதுவாக ஆறு வருட வேரை எடுக்கிறார்கள். வேகவைப்பதால் பூச்சி அரிக்காமல் நெடுநாள் கெடாமல் இருக்கும், உள்ளே இருக்கும் வேதிப்பொருள்களும் ஓரளவு மாறும். 1123-ல் கொரியாவுக்குத் தூது போன சீன அதிகாரி ஷூ ஜிங், வேகவைத்த ஜின்செங்கைப் பற்றி எழுதியிருக்கிறார். பாக்கெட்டில் வரும் சாறு சிவப்பு ஜின்செங்கைக் காய்ச்சி எடுத்தது.

அமெரிக்க ஜின்செங் என்கிறார்களே, அது எப்படி வந்தது?

அது பானாக்ஸ் குவின்குவிஃபோலியஸ் என்ற நெருங்கிய உறவுச் செடி. கிழக்கு வட அமெரிக்கக் காடுகளில் இயல்பாகவே வளர்வது. அது உலகச் சந்தைக்கு வந்த கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

1709-ல் பியர் ஜார்து என்ற ஃபிரெஞ்சு இயேசு சபைத் துறவி, சீனப் பேரரசர் காங்ஷிக்காக வரைபடம் தயாரிக்க, வடகிழக்கே உள்ள மஞ்சூரியா போனார். அங்கே இந்தச் செடியைப் பார்த்தார். ஒரு நாள் குதிரையில் உட்காரவே முடியாத அளவுக்குக் களைத்துப்போனபோது உடன்வந்த சீன அதிகாரி ஒருவர் இந்த வேரைக் கொடுத்ததாகவும், ஒரு மணி நேரத்தில் களைப்பே தெரியவில்லை என்றும் 1711-ல் எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அதே கடிதத்தில், இதேபோன்ற மலையும் காடும் உள்ள கனடாவில் இந்தச் செடி இருக்கக்கூடும் என்றும் ஊகித்தார். கனடாவில் மான்ட்ரியல் அருகே மோஹாக் என்ற பூர்வகுடி மக்களிடையே வாழ்ந்த ஜோசஃப் லாஃபிதோ என்ற துறவி அதைப் படித்துவிட்டுத் தேடத் தொடங்கினார். 1716-ல் கண்டுபிடித்தும் விட்டார். அந்த மக்கள் அதை ஏற்கெனவே மருந்தாகப் பயன்படுத்தி வந்தார்கள்.

அப்புறம் வணிகம் சூடுபிடித்தது. 1784-ல் அமெரிக்காவிலிருந்து சீனாவுக்குப் போன முதல் வணிகக் கப்பலான 'எம்பிரஸ் ஆஃப் சைனா', சுமார் 30 டன் ஜின்செங்கை ஏற்றிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து கான்டன் துறைமுகத்துக்குப் போனது. இன்று அமெரிக்காவில் பயிராவதில் பெரும்பகுதி விஸ்கான்சின் மாநிலத்தில், கனடாவில் ஒன்டாரியோ.

காட்டு ஜின்செங்குக்கு ஏன் அவ்வளவு விலை?

அரிது என்பதால். கொரிய மலைகளில் வேர் தேடிப் போகிறவர்களுக்கு 'சிம்மானி' என்று தனிப் பெயரே உண்டு. அளவுக்கு மீறித் தோண்டியதில் ஆசியக் காடுகளில் செடி அருகிவிட்டது. அமெரிக்க இனம் 1975 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கண்காணிப்பில் இருக்கிறது. அங்கே காட்டு வேரை ஏற்றுமதி செய்ய, செடிக்குக் குறைந்தது ஐந்து வயது ஆகியிருக்கவேண்டும். காட்டு வேர் பயிரிட்டதைவிட அதிகம் குணம் தரும் என்று நம்பிப் பெரும்பணம் கொடுக்கவேண்டாம்.

"இந்திய ஜின்செங்", "சைபீரிய ஜின்செங்" இவையும் அதேதானா?

இல்லை. இந்திய ஜின்செங் என்று விற்பது நம் அமுக்கிரா, வடக்கே அஸ்வகந்தா. அது கத்திரிக்காய், சுண்டைக்காய் குடும்பத்துச் செடி. சித்த மருத்துவத்தில் அமுக்கராச் சூரணமாகப் பாலில் கலந்து கொடுப்பது பழைய வழக்கம். அதற்கு அதனுடைய பெயரே போதும். ஜின்செங்கோடு எந்த உறவும் இல்லை. உள்ளிருக்கும் வேதிப்பொருளும் வேறு, எச்சரிக்கைகளும் வேறு. தைராய்டு, கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் அமுக்கிராவில் கவனமாக இருக்கவேண்டும். ஒன்றைப் பற்றிய ஆய்வை இன்னொன்றின் டப்பாவில் ஒட்டுவது தவறு.

சைபீரிய ஜின்செங், ஜின்செங்கின் தூரத்து உறவான ஒரு முள்புதர். விலை உயர்ந்த ஜின்செங்குக்கு மாற்றுத் தேடி சோவியத் விஞ்ஞானி பிரெக்மன் விளாடிவாஸ்டாக்கில் ஆராய்ந்து பிரபலமாக்கியது. அமெரிக்காவில் 2002-ல் வந்த சட்டப்படி பானாக்ஸ் இனச் செடிகளைத் தவிர வேறெதையும் ஜின்செங் என்ற பெயரில் விற்கக்கூடாது.

வேருக்குள் என்ன இருக்கிறது?

முக்கியமானவை ஜின்செனோசைடுகள். தண்ணீரில் சோப்பு போல நுரைக்கும் சப்போனின் என்ற தாவரப் பொருள் வகையைச் சேர்ந்தவை. பல டஜன் உண்டு. ஒன்று நரம்பைத் தூண்டினால் இன்னொன்று தணிக்கும் என்று விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆசிய வேரிலும் அமெரிக்க வேரிலும் அவற்றின் விகிதம் வேறு. இன்னொரு விஷயம்: சாப்பிட்ட ஜின்செனோசைடை நம் குடலிலுள்ள நுண்ணுயிர்கள் உடைத்து மாற்றிய பிறகுதான் அதில் கணிசமான பகுதி ரத்தத்தில் சேர்கிறது. நுண்ணுயிர்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே வேர் ஒருவருக்குக் கேட்டு மற்றவருக்குக் கேட்காமல் போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

சோர்வுக்கு உண்மையிலேயே உதவுமா?

இங்கேதான் நம்பிக்கை தரும் ஆதாரம் இருக்கிறது, அதுவும் நோயால் வந்த சோர்வில். 2013-ல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் தலைமையில் வெளியான பரிசோதனையில், புற்றுநோயாலும் சிகிச்சையாலும் களைத்திருந்த 364 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தினமும் 2000 மில்லிகிராம் அமெரிக்க ஜின்செங் பொடியையும், மறுபாதிக்கு மருந்தில்லாத மாத்திரையையும் கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எட்டு வாரத்தில் ஜின்செங் எடுத்தவர்களுக்குச் சோர்வு நன்றாகவே குறைந்திருந்தது. சிகிச்சை முடிந்தவர்களைவிட, சிகிச்சை நடந்துகொண்டிருந்தவர்களிடம் பலன் அதிகமாகத் தெரிந்தது.

ஆரோக்கியமானவர்களின் ஓட்டத்தையோ பளு தூக்கும் திறனையோ கூட்டுமா என்று பார்த்த ஆய்வுகளில் உறுதியான பலன் தெரியவில்லை. நலிந்தவருக்குக் கொடு என்ற பழைய வழக்கத்தோடு இது ஒத்துப்போகிறது.

ஒரு எச்சரிக்கை. நாட்கணக்கில் தீராத அசதிக்கு நம் ஊரில் மிகச் சாதாரணமான காரணங்கள் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, தூக்கமின்மை. ஒரு ரத்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு ஜின்செங் பெட்டியைவிடக் குறைவு. முதலில் அதைச் செய்யுங்கள்.

சர்க்கரையைக் குறைக்குமா?

கொஞ்சம். 2000-ல் டொரன்டோவில் நடந்த ஆய்வில், 3 கிராம் அமெரிக்க ஜின்செங் எடுத்த பிறகு குளுக்கோஸ் குடித்தவர்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏற்றம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் அதே குழு வேறொரு தொகுதி வேரை வாங்கிச் சோதித்தபோது எந்தப் பலனும் இல்லை. அந்த வேர்களில் ஜின்செனோசைடு குறைவாக இருந்தது. வயலுக்கு வயல், வருடத்துக்கு வருடம் இப்படி மாறும் ஒன்றை நம்பி மெட்ஃபார்மினையோ இன்சுலினையோ நிறுத்தவே கூடாது. அவற்றோடு சேர்த்து எடுத்தால் சர்க்கரை அளவு தாழ்ந்துபோகவும் வாய்ப்புண்டு. டாக்டரிடம் சொல்லாமல் தொடங்கவேண்டாம்.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி கூடுமா?

கொரியாவில் பரீட்சை எழுதும் மாணவர்களுக்குக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. ஆனால் ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2010 மதிப்பாய்வு, ஆரோக்கியமானவர்களின் அறிவுத்திறனை இது உயர்த்துகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றே முடித்தது. மறதி நோய்க்கும் தரமான ஆதாரம் கிடைக்கவில்லை. தூக்கத்தைக் கெடுக்கும் ஒன்றைப் பரீட்சை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டாம் என்பது என் கருத்து.

ஆண்மைக் குறைவுக்கு?

மிக அதிகமாக விற்பதும் மிக அதிகமாக ஏமாற்றுவதும் இந்தப் பெயரில்தான். காக்ரேனின் 2021 மதிப்பாய்வு 9 ஆய்வுகளை, 587 ஆண்களை எடுத்துக்கொண்டது. மருந்தில்லாத மாத்திரையோடு ஒப்பிட்டால் விறைப்பில் கிடைத்த முன்னேற்றம் அற்பம். ஆய்வுகளின் தரமும் குறைவு. விறைப்புக் கோளாறு பல சமயம் சர்க்கரைக்கும் இதயக் குழாய் அடைப்புக்கும் முன்னறிவிப்பு. கூச்சப்பட்டு ரகசியமாக மாத்திரை வாங்குவதைவிட டாக்டரிடம் போவது உயிரைக் காக்கும்.

சளி, ஜலதோஷம் வராமல் தடுக்குமா?

கனடாவில் 323 பேரை வைத்து நடத்தி 2005-ல் வெளியிட்ட பரிசோதனையில், அமெரிக்க ஜின்செங்கிலிருந்து எடுத்த ஒரு சத்தை நான்கு மாதம் தினமும் சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 0.68 முறை சளி பிடித்தது, மற்றவர்களுக்கு 0.93 முறை. பலன் இருக்கிறது, சிறியது. அதுவும் அந்தக் குறிப்பிட்ட சத்துக்கு மட்டும். டீயில் போட்ட வேருக்கு அதையே சொல்லமுடியாது.

புற்றுநோயைக் குணப்படுத்துமா?

குணப்படுத்தாது. மேலே சொன்ன ஆய்வு சோர்வைப் பற்றியது மட்டும்.

எவ்வளவு, எத்தனை நாள்?

ஜெர்மனியின் மூலிகை மருந்துக் குழு, களைப்புக்கும் நோயிலிருந்து தேறும் காலத்துக்கும் தினமும் 1 முதல் 2 கிராம் உலர்ந்த வேர், அதிகபட்சம் மூன்று மாதம் என்று வரையறுத்தது. அதுவே நல்ல அளவுகோல். காலையில் எடுங்கள், சாயங்காலம் எடுத்தால் தூக்கம் போகும். ஒரு மாதம், இரண்டு மாதம் பார்த்தும் தெம்பு கூடவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

உடம்புக்குச் சூடு என்கிறார்களே?

சீன மருத்துவமும் அப்படித்தான் பார்க்கிறது. ஆசிய ஜின்செங், அதிலும் சிவப்பு, உஷ்ணம். அமெரிக்க ஜின்செங் குளிர்ச்சி. சிங்கப்பூர், மலேசியச் சீன மருந்துக்கடைகளில் அந்த ஊர் வெக்கைக்கு அமெரிக்க வேரின் சீவலைச் சிபாரிசு செய்வது அதனால்தான். அளவு மீறினால் படபடப்பு, தலைவலி, முகம் சிவத்தல், வாய் வறட்சி, தூக்கமின்மை, வயிற்றுப்போக்கு வரலாம் என்பதைப் பழைய வைத்தியமும் நவீன மருத்துவமும் ஒப்புக்கொள்ளும்.

யாருக்கு ஆகாது?

இதைத் தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் தொடக்கூடாது. அமெரிக்க ஜின்செங் அந்த மருந்தின் வேலையைக் குறைக்கிறது என்று 2004-ல் வெளியான பரிசோதனை காட்டியது. இதய வால்வு மாற்றியவர்களுக்கு இது உயிர் ஆபத்து. ரத்தப் புற்றுநோய்க்கு இமாடினிப் சாப்பிட்டு வந்த ஒருவருக்கு, ஜின்செங் கலந்த பானம் குடித்த பிறகு கல்லீரல் பாதித்த சம்பவம் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ஃபெனல்சின் போன்ற சில பழைய மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தால் நடுக்கமும் தலைவலியும் வரும். ரத்தக்கொதிப்பு கட்டுக்குள் இல்லாதவர்களும் தூக்கம் வராதவர்களும் தவிர்க்கவேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். எலிக் கருக்களில் ஒரு வகை ஜின்செனோசைடு குறைபாடுகளை உண்டாக்கியது. பாலூட்டும் தாய்மாருக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் கொடுக்காமலிருப்பதே பாதுகாப்பு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. ஆபரேஷன் இருந்தால் குறைந்தது ஏழு நாள் முன்னரே நிறுத்திவிட்டு, மயக்க மருந்து டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். "மூலிகைதானே" என்று பலரும் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

வாங்கும்போது எதைப் பார்க்கவேண்டும்?

பானாக்ஸ் என்ற பெயர், வேரா சத்தா, ஜின்செனோசைடு எத்தனை மில்லிகிராம், காலாவதித் தேதி. 2001-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து 25 பொருள்களை வாங்கிச் சோதித்தபோது, காப்ஸ்யூல்களுக்குள்ளேயே ஜின்செனோசைடு அளவு 15 மடங்கு வரை வேறுபட்டது. பாக்கெட் சாறுகளில் சர்க்கரையோ தேனோ சேர்ந்திருக்கும். சர்க்கரைநோய் உள்ளவர்கள் அதையும் படிக்கவேண்டும். காபியோடு கலந்த பொடிகளில் கிடைக்கும் உற்சாகத்துக்குக் காபியே காரணமாக இருக்கலாம்.

உலர்ந்த வேர் வீட்டில் இருக்கிறது. எப்படிப் பயன்படுத்துவது?

கல் மாதிரி இருக்கும். இட்லித்தட்டில் சில நிமிடம் ஆவியில் வைத்தால் இளகும். அப்போது மெல்லிய வில்லைகளாகச் சீவி ஆறவிட்டு, ஈரமில்லாத பாட்டிலில் போடுங்கள். மூன்று நான்கு வில்லைகளை, ஒன்றிரண்டு கிராமுக்கு மேல் போகாமல், இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டுச் சின்னத் தீயில் பாதியாகச் சுண்டக் காய்ச்சுங்கள். இரும்புப் பாத்திரத்தைச் சீனர்கள் தவிர்ப்பார்கள். மண் அல்லது கண்ணாடிப் பாத்திரம் அவர்கள் வழக்கம். முதலில் கசந்து பிறகு லேசாக இனிக்கும். வெந்த வில்லையைத் தூக்கிப்போடாமல் மென்று தின்னலாம்.